ஒரே இசைத்தொகுப்பு, ஆளுக்கொரு தீர்ப்பு: யாரை நம்புவது?



சில வாரங்களுக்கு முன்பு போர்ட் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நமது அரங்க நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு முடிந்திருந்தது. விளக்குகளைக் கழற்றிக் கொண்டிருந்த நேரத்தில் ஓர் இளைஞர் கையில் ஓர் இசைவட்டோடு என் முன்னால் வந்து நின்றார். துறைமுகத்தில் கொள்கலன் பிரிவில் வேலை செய்கிறவர். பள்ளிக்கூட நண்பர்களோடு சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு நடத்தியிருக்கிறார். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குச் சிங்கப்பூரில் வேலை என்று குழு கலைந்துவிட்டது. மிகைநேர வேலை செய்து சேர்த்த பணத்தில், தனியாளாக எட்டுப் பாடல்களைப் பதிவு செய்து வெளியிட்டிருக்கிறார். "இப்ப யாரும் வட்டு வாங்கறதில்ல அக்கா, எல்லாம் கைப்பேசியிலதான். அம்மா கையில கொடுக்கணும்னு ஐம்பது மட்டும் போட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் இன்றைய தலைப்பு. "ஒருத்தர் பிரமாதம்னு சொல்றாரு. இன்னொருத்தர் காசைக் கொண்டுபோய்க் கடல்ல போட்டுட்டியேன்னு சொல்றாரு. மூணாவது பாட்டு மட்டும்தான் நல்லா இருக்குன்னு ஒரு அண்ணன். அந்த மூணாவது பாட்டுதான் மோசம்னு இன்னொரு அண்ணன். நான் யாரை நம்பறது அக்கா?"

அன்று என்னிடம் சட்டென்று பதில் இல்லை. "நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி, தொடர்ந்து செய்யுங்க" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். காரில் ஏறிய பிறகு மனது கேட்கவில்லை. அவர் கேட்டது யோசனை. நான் கொடுத்தது ஆறுதல். அந்தக் கடனை இன்று இந்த அரங்கில் தீர்க்கப் பார்க்கிறேன்.

இதை விளக்க, உலகம் முழுவதும் விமர்சகர்களை இரண்டாகப் பிரித்த ஓர் இசைத்தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன். அதைப் பாடியவர் நம்மைப் போல் கடல் கடந்து வாழும் ஒரு தமிழ்ப் பெண்.

யார் இந்த மாதங்கி?

எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயரை நம் இளைஞர்கள் பலர் அறிவார்கள். அவருடைய இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. 1975ஆம் ஆண்டு லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாகவே யாழ்ப்பாணம் போனவர். போர்க்காலத்தில் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக மீண்டும் லண்டன் வந்து சேர்ந்தார். அங்கே சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு இசைக்கு வந்தார்.

அவருடைய முதல் தொகுப்பு 2005இல் வந்த 'அருளர்'. ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான தந்தையின் இயக்கப் பெயர் அது. இரண்டாவது, 2007இல் வந்த 'கலா'. அது தாயின் பெயர். இரண்டுக்கும் விமர்சகர்கள் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2007ஆம் ஆண்டின் தலைசிறந்த தொகுப்பாகக் 'கலா'வைத் தேர்ந்தெடுத்தது.

கிள்ளான் வட்டாரத்து நேயர்களுக்கு ஒரு செய்தி: 'கலா'வின் 'பாய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' பாடல்களில் ஓங்கி ஒலிப்பது நம்முடைய உறுமி. தைப்பூசத்திலும் கோயில் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கிறார்களே, அதே உறுமிதான். அதை லண்டன், நியூயார்க் நடன அரங்குகளுக்குக் கொண்டு போனவர் இவர்.

அதே தொகுப்பில் இருந்த 'பேப்பர் பிளேன்ஸ்' பாடல், 'தி கிளாஷ்' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பழைய இசையின் மேல் கட்டப்பட்டது. 2008இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் 4ஆம் இடம் வரை ஏறியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் இடம்பெற்றது. அந்தப் படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து உருவாக்கிய 'ஓ... சாயா' பாடலுக்கு ஆஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. 2009 பிப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடினார். அதே ஆண்டு 'டைம்' இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலிலும் இடம்பிடித்தார்.

இப்படி ஏணியின் உச்சியில் நின்ற வேளையில்தான் மூன்றாவது தொகுப்பு வந்தது.

வீட்டுக்குள் பிறந்த சத்தம்

2010 ஜூலையில் வெளிவந்த அதன் பெயர் 'மாயா'. தந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, இப்போது தனக்கே ஒன்று. அட்டையில் பெயரை எழுத்தில் போடாமல் சாய்கோடுகளை அடுக்கிப் போட்டிருந்தார். இணையத்தில் தேடினால் எளிதில் சிக்காது. அட்டைப் படத்தில் அவருடைய முகத்தை யூடியூப் காணொளியின் கீழே ஓடும் பட்டைகள் மறைத்திருந்தன. மனிதர்களை இணையம் விழுங்கிக் கொண்டிருக்கிறது என்பதுதான் தொகுப்பின் மையக் கருத்து என்று அட்டையே சொல்லிவிட்டது.

'கலா'வை ஊர் ஊராகச் சுற்றி, பல நாடுகளில் பதிவு செய்தவர், 'மாயா'வின் பெரும்பகுதியை லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தம் வீட்டிலேயே உருவாக்கினார். மடியில் குழந்தை, எதிரே கணினித் திரை. 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தபோது எவ்வளவு உயிர்கள் போயின என்பதை உலகமே தூரத்திலிருந்து பார்த்துக் கொண்டிருந்த காலம் அது. அந்தக் கோபமும் தவிப்பும் தொகுப்பு முழுவதும் புகைந்தன.

ஓசையும் மாறிப்போனது. 'ஸ்டெப்பின் அப்' பாடலில் துளைபோடும் இயந்திரத்தின் இரைச்சல்தான் தாளம். 'பார்ன் ஃப்ரீ' பாடல், 'சூசைட்' என்ற நியூயார்க் குழு 1977இல் வெளியிட்ட ஒரு பாடலின் இசையின் மேல் ஓடுகிறது. 'மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்' பாடலில் 'ஸ்லீ பெல்ஸ்' ராக் இரட்டையரில் ஒருவரான டெரெக் மில்லரின் கிட்டார் காதைக் கிழிக்கிறது. அதே தொகுப்பில் 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஓ' என்று வானொலிக்கே செய்தது போன்ற ஒரு பாப் பாடல். 'இட் டேக்ஸ் எ மசில்' என்று மென்மையான ரெகே சாயலில் இன்னொன்று. அது 1982இல் வந்த ஒரு பாடலின் மறுபாடல். முதல் பாடல் ஒரு நிமிடம்கூட இல்லை. நான்காவது பாடலோ ஆறு நிமிடத்தைத் தாண்டுகிறது.

பன்னிரண்டு பாடல்களும் பன்னிரண்டு திசை. மேடு பள்ளமான தொகுப்பு என்று விமர்சகர்கள் சொல்வது இதைத்தான்.

ஒருவருக்கு அமுதம், ஒருவருக்கு இரைச்சல்

தீர்ப்புகள் வரத் தொடங்கின. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தது. அமெரிக்காவின் மூத்த ராக் விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 'ஏ' தரம் கொடுத்தார். இளைஞர்கள் அதிகம் வாசித்த 'பிட்ச்ஃபோர்க்' இணைய இதழோ பத்துக்கு 4.4 மட்டுமே கொடுத்தது.

பாராட்டியவர்கள் என்ன சொன்னார்கள்? வெற்றி பெற்ற பழைய வழியில் போகாமல் துணிந்து வேறு வழியில் போகிறார், இணைய யுகத்தின் குழப்பத்தை அதே குழப்பமான ஓசையில் பிடித்துவிட்டார் என்றார்கள். குறை சொன்னவர்கள், எண்ணங்கள் பாதி வெந்தும் வேகாமலும் இருக்கின்றன, இசை குறைவு, கோஷம் அதிகம் என்றார்கள்.

வணிகத்திலும் இதே இரட்டை முகம். அமெரிக்காவின் 'பில்போர்ட்' தொகுப்புப் பட்டியலில் 9ஆம் இடத்தில் நுழைந்தது. அதுவரை அவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் அதுதான். ஆனால் அதன் பிறகு வேகமாக இறங்கியது.

68 என்ற எண்

விமர்சனங்களைத் திரட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் 'மெட்டாக்ரிட்டிக்' என்ற இணையத்தளம் இருக்கிறது. நட்சத்திரம், எழுத்துத் தரம், பத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வோர் இதழும் கொடுப்பதை நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றி, சில இதழ்களுக்குக் கூடுதல் எடையும் கொடுத்து, சராசரி போடுவார்கள். 'அருளர்' 88 பெற்றது. 'கலா' 87. 'மாயா' 68.

பார்த்ததும் என்ன நினைக்கிறோம்? "பரவாயில்லை, சுமாரான தொகுப்பு போலிருக்கிறது" என்றுதானே? அங்கேதான் ஏமாறுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பேர் ஒரு கறியைச் சுவைத்து ஆளுக்கு 68 கொடுத்தால் சராசரி 68. அது சுமாரான கறிதான். ஒருவர் 92 கொடுத்து, மற்றவர் "வாயில் வைக்க முடியவில்லை" என்று 44 கொடுத்தாலும் சராசரி 68தான். ஆனால் இது சுமாரான கறி இல்லை. காரம் தாங்குகிறவருக்கு விருந்து, தாங்காதவருக்குத் தண்டனை.

'மாயா' இரண்டாவது வகை. சராசரி எண் எங்கே மையம் என்று சொல்லும். எவ்வளவு பிளவு என்று சொல்லாது. ஆகவே ஒரு தொகுப்புக்கோ படத்துக்கோ கலவையான விமர்சனம் என்று கேள்விப்பட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எல்லாரும் பாதி மனதோடு சொல்கிறார்களா, அல்லது பாதிப் பேர் முழு மனதோடு எதிரெதிராகச் சொல்கிறார்களா?

ஏன் இவ்வளவு வேறுபாடு?

காது எல்லாருக்கும் இரண்டுதான். பிறகு ஏன் தீர்ப்பு மட்டும் வேறு வேறு? 'மாயா'வின் கதையில் நான்கு காரணங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, முந்தைய படைப்பின் நிழல். 'பேப்பர் பிளேன்ஸ்' போல் இன்னொரு பாட்டை எதிர்பார்த்து வந்தவருக்குத் துளை இயந்திரச் சத்தம் கிடைத்தால் கோபம் வரத்தான் செய்யும். அவர் இந்தத் தொகுப்பை மதிப்பிடவில்லை. தமக்குக் கிடைக்காமல் போன இன்னொரு தொகுப்பை நினைத்து மதிப்பெண் போடுகிறார். தலை மகனைப் போல் இளையவன் இல்லையே என்று திட்டும் பெற்றோர் மாதிரி.

இரண்டாவது, காதின் பழக்கம். பங்க், தொழிற்சாலை இரைச்சல் கலந்த ராக் இசை கேட்டுப் பழகியவருக்கு 'பார்ன் ஃப்ரீ' ஓர் உறவினர். நடன இசை மட்டும் கேட்டவருக்கு அது அந்நியர். நம் உறுமியையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மயிர்க்கூச்செறியும் இசை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது காவல் நிலையத்துக்குத் தொலைபேசி அடிக்க வேண்டிய விஷயம்.

மூன்றாவது, ஆளைப் பார்த்துப் பாட்டை எடைபோடுவது. தொகுப்பு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பு, 2010 மே மாதம், 'நியூயார்க் டைம்ஸ்' ஞாயிறு இதழில் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. புரட்சி பேசுகிறவர் செல்வ வாழ்க்கை வாழ்கிறார் என்ற தொனி அதில் இருந்தது. அவர் பேசும்போது விலையுயர்ந்த காளான் வாசனையோடு கூடிய உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டார் என்று ஒரு வரி. அந்த வறுவல் உலகப் புகழ் பெற்றுவிட்டது! எம்.ஐ.ஏ. தமது ஒலிப்பதிவை இணையத்தில் போட்டு எதிர்த்தார். அதோடு நிற்காமல் கட்டுரையாளரின் தொலைபேசி எண்ணையும் டுவிட்டரில் போட்டுவிட்டார். அது அவர் செய்த தவறு. பத்திரிகையும் பிறகு கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட்டது. இந்தச் சண்டைக்கு நடுவே பிறந்த தொகுப்பை, சண்டையை மறந்துவிட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

நான்காவது, கொள்கை. 'பார்ன் ஃப்ரீ' பாடலுக்கு ரொமான் காவ்ராஸ் இயக்கிய காணொளி 2010 ஏப்ரலில் வந்தது. செம்பட்டை முடி கொண்டவர்களை மட்டும் ஆயுதப் படையினர் தேடிப் பிடித்துக் கொல்லும் காட்சிகள். முடி நிறத்துக்காகக் கொல்வது அபத்தம் என்றால், இனத்துக்காகக் கொல்வது மட்டும் என்ன நியாயம் என்பது அதன் கேள்வி. கொடூரம் அதிகம் என்பதால் யூடியூப்பில் அது கட்டுப்படுத்தப்பட்டது. கொள்கையில் உடன்பட்டவர்களுக்கு அது துணிச்சல். உடன்படாதவர்களுக்கு அது விளம்பரத் தந்திரம். இரு தரப்பும் காணொளியைப் பற்றிப் பேசின. பாட்டைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நானும் தப்பவில்லை

இந்த இடத்தில் என் கதையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2010இல் நான் வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துக் கொண்டிருந்தேன். ஒரு புதிய இசைத்தொகுப்புக்கு விமர்சனம் எழுதி வாருங்கள் என்று வகுப்பில் ஒரு பயிற்சி. நான் 'மாயா'வை எடுத்துக்கொண்டேன். கம்யூட்டர் ரயிலில் போர்ட் கிள்ளானிலிருந்து போகும்போதும் வரும்போதும் இரண்டு வாரம் காதில் அதுதான்.

உண்மையைச் சொன்னால், பாதிப் பாடல்கள் எனக்குப் பிடிக்கவில்லை. 'டெக்கிலா' பாட்டை ஒரு தடவைகூட முழுதாகக் கேட்க முடியவில்லை. ஆனால் நான் என்ன எழுதினேன் தெரியுமா? தமிழினத்தின் குரல், உலக மேடையில் நம் பெண், அநீதிக்கு எதிரான போர்முரசு என்று மூன்று பக்கம். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வீட்டில் செய்தி பார்த்து அம்மா அழுத நாள்கள் மனதில் இருந்தன. அந்தப் பெண்ணைக் குறை சொன்னால் நம்மவர்களைக் கைவிட்டது போல் ஆகிவிடுமோ என்ற பயம்.

விரிவுரையாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அடியில் ஒரே ஒரு வரி: இதில் இசை எங்கே?

கோபமாக வந்தது. பிறகு யோசித்தேன். 'பிட்ச்ஃபோர்க்'காரராவது பாட்டைக் கேட்டுவிட்டுத் திட்டினார். நானோ பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் புகழ்ந்தேன். கலைஞருக்கு யார் அதிக மரியாதை செய்தது? அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் வெட்கப்படுகிறேன்.

தனியாக நிற்கும்போது

நம் தம்பி தனித்தொகுப்பு செய்தவர் அல்லவா? அவருக்காக இன்னோர் எடுத்துக்காட்டு. 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் பாடகர் மிக் ஜாகர் 2001இல் 'காடஸ் இன் தி டோர்வே' என்ற தனித்தொகுப்பை வெளியிட்டார். 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அதற்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. எழுதியவர் இதழின் நிறுவனர் ஜான் வென்னர். ஜாகரின் நெடுநாள் நண்பர்! மற்ற இடங்களில் விமர்சனம் கலவையாகத்தான் இருந்தது. ஜாகரின் சொந்தக் குழு நண்பர் கீத் ரிச்சர்ட்ஸ், அந்தத் தொகுப்பின் பெயரையே பகிரங்கமாகக் கேலி செய்தார். ஒரு நண்பர் தலையில் தூக்கி வைத்தார், இன்னொரு நண்பர் காலால் உதைத்தார். இரண்டையும் அப்படியே நம்ப முடியாது.

தனித்தொகுப்புகள் அடிக்கடி மேடு பள்ளமாக அமைவதற்கு ஒரு காரணம் உண்டு. குழுவில் நான்கு பேர் இருக்கும்போது, "இந்தப் பாட்டு வேண்டாம்டா" என்று சொல்ல மூன்று பேர் இருக்கிறார்கள். தனியாக நிற்கும்போது அந்த "வேண்டாம்" இல்லை. நல்லதும் தடையில்லாமல் வெளியே வருகிறது, கெட்டதும் தடையில்லாமல் வெளியே வருகிறது. அதற்காகப் பெரிய பெயர்களை நாலு பேராகக் கூட்டினாலும் போதாது. 2011இல் இதே ஜாகர், நமது ஏ.ஆர். ரஹ்மான், டேமியன் மார்லி, ஜோஸ் ஸ்டோன், டேவ் ஸ்டூவர்ட் ஆகியோர் சேர்ந்து 'சூப்பர்ஹெவி' என்ற தொகுப்பைச் செய்தார்கள். அதற்கும் கலவையான விமர்சனமே கிடைத்தது. கூட இருப்பவர் பெரிய ஆளா என்பது முக்கியமில்லை. "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்பதே முக்கியம்.

மூன்று ஆண்டுக்குப் பிறகு

'மாயா'வின் முதல் பாடலான 'தி மெசேஜ்' ஒரு குழந்தைப் பாட்டின் அமைப்பில், இணையமும் கூகுளும் அரசாங்கத்தோடு இணைந்திருப்பதாகச் சொல்கிறது. 2010இல் பலர் இதைச் சிரித்துக்கொண்டே கடந்தார்கள். சதிக் கதை என்றார்கள்.

2013 ஜூன் மாதம், எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களைப் பத்திரிகைகள் பிரசுரிக்கத் தொடங்கின. பெரிய இணைய நிறுவனங்களிடமிருந்து பயனர்களின் தகவல்களை அமெரிக்க உளவு அமைப்பு எப்படிப் பெறுகிறது என்பது உலகச் செய்தியானது. மூன்று ஆண்டுக்கு முன்பு சிரித்தவர்கள் அந்த ஒரு நிமிடப் பாட்டைத் திரும்பவும் கேட்டார்கள். அதே ஜூன் மாதம் கான்யே வெஸ்ட்டின் 'யீஸஸ்' வெளிவந்தது. கரடுமுரடான, இரைச்சல் நிறைந்த அந்தத் தொகுப்பை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 'மாயா' ரசிகர்கள் கேட்டார்கள்: இதே கரடுமுரடைத்தானே அன்று இவரிடம் குறை என்றீர்கள்?

அப்படியானால் பாராட்டியவர்கள் ஜெயித்தார்கள், திட்டியவர்கள் தோற்றார்கள் என்று முடித்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. சொன்ன செய்தி பலித்தது என்பதால் பாட்டு இனிமையாகிவிடாது. ஜோதிடர் சொன்னது பலித்தால் அவர் நல்ல ஜோதிடர், நல்ல பாடகர் ஆகிவிட மாட்டார்! 'டெக்கிலா' எனக்கு இன்றும் நீளம்தான். ஆனால் அன்று நான் தாண்டிப் போன 'டெல் மி ஒய்' பாட்டு, பழைய அமெரிக்கத் தேவாலயக் கூட்டுப் பாடலின் குரல்களோடு வருகிறதே, அது இன்று என்னை நிறுத்தி வைக்கிறது. பாட்டு மாறவில்லை. நான் மாறியிருக்கிறேன். காலமும் ஒரு விமர்சகர்தான். ஆனால் அவரும் எல்லாப் பாட்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுவதில்லை.

எம்.ஐ.ஏ. என்ன செய்தார்? உட்கார்ந்து அழவில்லை. அதே 2010 டிசம்பர் 31ஆம் தேதி 'விக்கி லீக்ஸ்' என்று இன்னொரு பாடல் கலவையை இணையத்தில் இலவசமாக விட்டார். 2013இல் 'மாதங்கி'. அதன் பிறகு 2016இலும் 2022இலும் தொகுப்புகள். கலவையான ஒரு தீர்ப்போடு கதை முடிந்துவிடவில்லை.

நம் வீட்டுக் கதை

இப்போது நம் பக்கம் வருவோம். 2006இல் யோகி பி, நட்சத்திரா கூட்டணியின் 'வல்லவன்' வந்தபோது ஜாலான் தெங்கு கிளானா கடைகளில் 'மடை திறந்து' அலறியது நினைவிருக்கிறதா? 1980ஆம் ஆண்டு 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையில் வந்த பாட்டின் புது வடிவம். எங்கள் வீட்டில் அண்ணன் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். அப்பாவோ, "நல்ல பாட்டைக் கொத்துபுரோட்டா போட்டுட்டானுங்க" என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அப்பா இழந்ததைப் பற்றிப் பேசினார். அண்ணன் கிடைத்ததைப் பற்றிப் பேசினார். அந்த யோகி பி பிறகு தமிழ்நாட்டுத் திரைப்படங்களிலும் பாடப் போனார். 2017இல் 'விவேகம்' வரை அந்தக் குரல் ஒலித்தது.

அப்படிச் சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டைகூட இன்று நம் உள்ளூர் இசைக்கு இல்லையே என்பதுதான் என் வருத்தம். நம்மிடம் இரண்டே விமர்சனம்தான் இருக்கிறது. வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையும் போட்டு, "இளம் இசைப்புயல்" என்பது ஒன்று. முகநூலில் "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று முகம் காட்டாமல் எழுதுவது இன்னொன்று. இரண்டிலும் பாட்டைக் கேட்டதற்கு அடையாளமே இல்லை.

உள்ளூர்க் கலைஞர்களை ஆதரிப்போம் என்கிறோம். சரிதான். ஆனால் ஆதரவு என்பது காதைப் பொத்திக்கொண்டு கைதட்டுவது அல்ல. நம் சந்தை சிறியது. ஒரு பையன் மிகைநேரப் பணத்தைக் கொட்டி ஒரு தொகுப்பு செய்கிறான். உண்மையைச் சொல்ல ஆளில்லாமல் அதே பிழைகளோடு இரண்டாவது தொகுப்பையும் செய்தால், மூன்றாவதுக்கு அவனிடம் பணமும் இருக்காது, மனமும் இருக்காது. பொய்ப் பாராட்டு ஒரு கலைஞனைக் கொல்லும் வேகம், வசைக்குக்கூடக் கிடையாது.

விமர்சனத்தை எப்படி வாசிப்பது?

நேயர்களுக்கு நான்கு எளிய யோசனைகள்.

ஒன்று, சொல்கிறவர் கேட்டாரா என்று பாருங்கள். எந்தப் பாட்டு, எந்த இடம், எந்தக் கருவி என்று சுட்டிச் சொன்னால் கேட்டிருக்கிறார். "அருமை", "குப்பை" என்று மட்டும் சொன்னால், அது விமர்சனம் அல்ல. மனநிலை.

இரண்டு, அவருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மெல்லிசை ரசிகர் ராக் பாட்டை "சத்தம்" என்றால், அது உங்களுக்குக் குறையாகவும் இருக்கலாம், நற்சான்றிதழாகவும் இருக்கலாம்.

மூன்று, அவருக்கும் கலைஞருக்கும் என்ன உறவு என்று கேளுங்கள். நண்பரின் ஐந்து நட்சத்திரத்தையும் பகைவரின் பூஜ்யத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

நான்கு, எதிரெதிர்க் கருத்துக் கொண்ட இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே நில்லுங்கள். ஒருவர் "துணிச்சல்" என்கிறார், மற்றவர் "இரைச்சல்" என்கிறார். இருவரும் சொல்வது ஒரே பாட்டை. அப்படியானால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். யாருமே கண்டுகொள்ளாத பாட்டுதான் உண்மையில் கவலைக்குரியது.

தம்பிக்கு

கடைசியாக, அந்தப் போர்ட் கிள்ளான் தம்பிக்கு.

அன்று நீங்கள் கொடுத்த வட்டை நான் மூன்று முறை முழுதாகக் கேட்டேன். உங்கள் மூன்றாவது பாட்டில் கப்பல் சங்கொலியைத் தாளத்துக்கு நடுவே வைத்திருக்கிறீர்கள். முதல் முறை எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாம் முறை, இரவு வேலைக்குப் போகும் அப்பாவை வழியனுப்பிய எங்கள் பழைய வீட்டு வாசல் கண்முன் வந்தது. ஓர் அண்ணன் கொண்டாடியதும் இன்னோர் அண்ணன் வெறுத்ததும் அந்தச் சங்கொலியைத்தான் என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிடாதீர்கள். ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே பாட்டைப் போல் இருக்கின்றன. ஒன்றைக் குறைத்திருக்கலாம். ஏழாவது பாட்டில் கிட்டார் உங்கள் குரலை மூழ்கடிக்கிறது. வரிகள் காதில் விழவில்லை. எட்டாவது பாட்டைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். அதை எழுதும்போது நீங்கள் களைத்துப் போயிருந்தீர்கள் என்று தோன்றுகிறது.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். உங்கள் பாட்டைக் கேட்டவரை நம்புங்கள். அவர் திட்டினாலும் சரி. அடுத்த தொகுப்பு செய்யும்போது, "இந்தப் பாட்டு வேண்டாம்டா" என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னதும் ஒருவருடைய கருத்துதான் தம்பி. நாளைக்கு வேறொருவர் கப்பல் சங்குதான் பாட்டைக் கெடுத்தது என்று சொல்லலாம். சொல்லட்டும். இரண்டு பேர் உங்கள் பாட்டுக்காகச் சண்டை போடுகிறார்கள் என்றால், போட்ட காசு கடலில் விழவில்லை.